கேள்வித்தாளில் துக்கம் விசாரித்தவர்

ஆங்கில இலக்கணக் கேள்வியில் செத்துப்போன ஆளுக்காக மத்தியானச் சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளி வைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் தருமபுரி மாவட்டத்துக்காரர். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் அவர் 'விசாரிப்பு'. நேரில் பார்த்தால் விசாரிப்பு அண்ணா.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஒரு ஸ்வீட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கோச்சிங் சென்டர். எம்.பி.ஏ. சேருவதற்கான நுழைவுத்தேர்வுக்குத் தினமும் சாயங்காலம் வகுப்பு. கீழே ஜிலேபி பிழிவார்கள், மேலே எங்களைப் பிழிவார்கள். நான் அதியமான்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். மேற்படிப்பு என்று ஒன்றைக் குறுக்கே போட்டால் கொஞ்ச காலம் மூச்சு விடலாமே என்று சேர்ந்தவள் நான்.

அந்தத் தேர்வில் வாக்கியத்தைத் திருத்துகிற பகுதி என்று ஒன்று உண்டு. முழ நீளத்துக்கு ஓர் ஆங்கில வாக்கியம் கொடுப்பார்கள். அதில் ஒரு பகுதிக்கு அடிக்கோடு போட்டிருக்கும். அந்த இடத்தில் எதைப் போட்டால் பிழை இல்லாமல் இருக்கும் என்று கீழே ஐந்து ஆப்ஷன். சட்டென்று ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் சார் சேலத்துக்காரர், சின்ன வயது, கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் தொங்கும். வாக்கியம் என்ன சொல்கிறது என்று பார்க்காதே, எப்படிச் சொல்கிறது என்று மட்டும் பார் என்பது அவருடைய ஒரே உபதேசம்.

முதல் நாள் முதல் கேள்வியிலேயே அந்த உபதேசத்துக்குக் கண்டம் வந்தது. ஹெலன் என்று ஒரு பெண்மணி. கணவர் சுரங்க விபத்தில் இறந்த பிறகு, மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய் ஒரு பேக்கரி ஆரம்பித்தாள் என்று வாக்கியம். சார் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். நாங்கள் குனிந்து வினைச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தோம். கடைசி பெஞ்சிலிருந்து 'த்சோ த்சோ' என்று சத்தம் வந்தது.

"சின்ன வயசுங்களா சார்?"

"யாரு?"

"அந்த வூட்டுக்காரருங்க. செத்தவரு."

அது கேள்வியில் இல்லை என்றார் சார். விசாரிப்பு விடவில்லை. மூன்று பிள்ளை என்கிறார்களே, கடைசிப் பிள்ளை கைக்குழந்தையா, அந்த அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் யாரும் இல்லையா, புருஷன் போன கையோடு ஊரை விட்டுக் கிளம்பினாள் என்றால் மாமியார் வீட்டில் ஏதோ நடந்திருக்க வேண்டுமே என்று வரிசையாகக் கேட்டார். சார் நிதானமாக, இங்கே ஹெலன் ஒருமையா பன்மையா என்பது மட்டும்தான் நமக்கு வேண்டும் என்றார். "அதாங்க சார் நானும் சொல்றேன், ஒண்டியா ஆயிட்டாங்க" என்றார் விசாரிப்பு. ஸ்டாப்வாட்ச் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இது பைத்தியம் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் முற்றிப்போனால் இப்படித்தான் ஆகும். ஒரு வீட்டில் கெட்டது நடந்தால் போய் உட்கார்ந்து, எப்படி ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். கல்யாணத்துக்கு வராதவனை மன்னித்துவிடுவார்கள். துக்கம் கேட்க வராதவனைப் பேரன் காலம் வரைக்கும் வைத்துத் தீட்டுவார்கள். நம் ஆளுக்கு இது ரத்தத்திலேயே ஊறியிருந்தது. இண்டூரில் ஒரு தனியார் பால் கம்பெனியில் சூப்பர்வைசர். விடியற்காலையில் எந்த வீட்டிலிருந்தாவது பால் வரவில்லை என்றால், மாடு வற்றிவிட்டது என்று அவருக்குத் தோன்றாது. கேனை அப்படியே வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, அந்த வீட்டு வாசலில் போய் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்பார். உயிரோடு இருந்தவர்கள் பலர் அவரைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவருக்கு எம்.பி.ஏ. எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாம் பெண்டாட்டிக்காகத்தான். சுகந்தி பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஓடியும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் குடித்தனம். காலை ரயிலில் இவர் போவார், ராத்திரி ரயிலில் திரும்புவார். சண்டை போட்டால் சமாதானம் ஆவதற்கு அடுத்த ஞாயிறு வர வேண்டும். அதனால் சண்டையே போடாமல் இருந்தார்கள், அதுவும் இருவருக்கும் குறையாக இருந்தது. பெங்களூர் காலேஜ் ஒன்றில் இவருக்கு இடம் கிடைத்தால் இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருக்கலாம், முடித்துவிட்டு அங்கேயே வேலையும் தேடிக்கொள்ளலாம். கணக்குப் பகுதியில் மனிதர் புலி. பால் கொழுப்பு கணக்குப் போட்டுப் பழகிய மூளை. இந்த வாக்கியங்கள்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றன.

வாக்கியத்துக்குள் இருப்பவர்களை விசாரித்து முடித்தாலாவது சரியான விடையைத் தொடுவார் என்று நினைத்தோம். அங்கேயும் ஒரு வில்லங்கம் வைத்திருந்தார். எந்த ஆப்ஷனில் ஆட்களுக்குச் சேதாரம் கம்மியோ அதைத்தான் தொடுவார். நஷ்டத்தில் ஓடிய ஒரு கம்பெனி ஆட்களை வேலையை விட்டு அனுப்பியது என்று ஒரு கேள்வி. அனுப்பியது, அனுப்பியிருந்தது என்று நாலு ஆப்ஷன். ஐந்தாவதில் மட்டும் அனுப்பியிருக்கக்கூடும் என்று இருந்தது. விசாரிப்பு நேராகப் போய் ஐந்தாவதைத் தொட்டார்.

"தப்புன்னு எனக்கும் தெரியுதுங்க சார்" என்றார். "ஆனா அதுல ஒண்ணுதான் இன்னும் முடிவாகாம இருக்குது. அத்தன பேரு சோத்துல மண்ணு விழறதுக்கு நானு டிக் போடறதுங்களா?"

சார் ஸ்டாப்வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். கீழேயிருந்து ஜிலேபி வாசனை வந்துகொண்டிருந்தது.

வகுப்பு முடிந்ததும் நானும் விசாரிப்பு அண்ணாவும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் ஆளுக்கொரு பஸ் ஏறுவோம். அங்கேயும் அவர் வாயை மூடவில்லை. மியூசியத்தில் ஓவியத்தைத் திருடியவன் அகப்பட்டானா, பனிப் பிரதேசத்தில் தனியாகப் பறவை ஆராய்ச்சி செய்கிறவர் யார் கையால் சாப்பிடுகிறார் என்று என்னைக் கேட்பார். நான் சிடுசிடுவென்று, எனக்கு எப்படித் தெரியும் என்பேன். டீ மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். ஒரு வாரத்துக்குள் டீ மாஸ்டருக்கு ஹெலன் குடும்பத்துக் கதை மனப்பாடம். அடுத்த வாரம் பென்னாகரம் பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்து, அந்த பேக்கரி அம்மாவுக்கு வியாபாரம் எப்படிப் போகிறது என்று அக்கறையாக விசாரித்தார்.

அதோடு நின்றார்களா என்றால் இல்லை. ஒரு சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது டீக்கடையில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹெலனுக்கும் பறவை ஆராய்ச்சிக்காரருக்கும். இவளுக்கும் துணை இல்லை, அவருக்கும் ஆக்கிப்போட ஆள் இல்லை, முடித்துவிட்டால் என்ன என்பது மாஸ்டரின் யோசனை. மூன்று பிள்ளைகளையும் அவ்வளவு குளிரில் கொண்டுபோய் எப்படி வைத்திருப்பது என்று கண்டக்டர் ஆட்சேபித்தார். மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கி, "அதெல்லாம் இருக்கட்டுங்க, ரெண்டு பேரும் என்ன ஆளுங்க?" என்றார். கடை கப்சிப். விசாரிப்பு அண்ணா மட்டும் ரொம்ப யோசித்து, கேள்வியில் அது கொடுக்கவில்லை என்றார்.

சாரும் சளைத்தவர் இல்லை. மனிதர்கள் இருந்தால்தானே வம்பு என்று, மனிதர்களே வராத வாக்கியங்களாகப் பொறுக்கி இவருக்கென்று தனியாக ஒரு தாள் தயாரித்துக்கொண்டு வந்தார். முதல் கேள்வி எரிமலை. அடிவாரத்தில் ஊர் இருக்குமே, மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு போக நேரம் இருந்திருக்குமா என்று கேட்டார். இரண்டாவது, உருகிப்போகும் பனிமலை. அந்தத் தண்ணீரை நம்பி யார் வெள்ளாமை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். மூன்றாவது டைனோசர். பல கோடி வருஷத்துக்கு முன்னால் அடியோடு அழிந்துபோயின என்று இருந்தது. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விசாரிப்பு அண்ணா அந்த வரியின்மேல் விரலை வைத்து மறுபடி மறுபடி படித்தார்.

"ஒண்ணு கூடவாங்க சார்?" என்றார் கடைசியில். நான் முதல் பாராவில் சொன்ன மத்தியானச் சாப்பாடு ஹெலன் வீட்டுக்காரருக்காக மறுநாள் தள்ளி வைத்தது. டைனோசருக்காக ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மாதிரித் தேர்வு வந்தது. எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். விசாரிப்பு அண்ணா ஒரு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார். வாக்கியத்தில் பாலம் உடைந்து அக்கரையில் சிலர் நிற்கிறார்கள். கடைசி வரைக்கும் அவர்களை விட்டு நகரவில்லை. ரொம்ப நேரமாக மவுஸ் அசையவில்லையே என்று கம்ப்யூட்டரே கவலைப்பட்டு, இன்னும் அங்கே இருக்கிறீர்களா என்று திரையில் கேட்டது. இவர், தன்னையும் விசாரிக்க ஒரு ஜீவன் இருக்கிறதே என்று நெகிழ்ந்து போனதாக எங்களிடம் சொன்னார். மதிப்பெண்ணைப் பார்த்த சார் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வருஷம் எழுதாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு டீக்கடையில் அவர் டீயைத் தொடவில்லை. "சுகந்தி வாடகைக்கு வூடு பாக்கறேன்னு சொல்லிக்கிட்டு இருக்குது" என்றார். "நானு அங்க போனா பால்கனியில ஒரு தொட்டி வெச்சு தக்காளி போடலாம்னு சொல்லுச்சு. இனிமேட்டு அதுகிட்ட என்னன்னு சொல்றது?" எனக்கு அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அப்படியே அந்த ஸ்டாப்வாட்ச்காரர்மேலும், பாலத்தைக் கட்டாமல் விட்ட அந்தக் கேள்விக்காரன்மேலும் வந்தது. அக்கரையில் நின்றவர்களை நானும் நினைக்க ஆரம்பித்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னார். விஷயத்தைக் கேட்ட சுகந்தி அழவில்லை. தேர்வுத் தேதி என்றைக்கு என்று கேட்டாள். இண்டூர் மாரியம்மன் பண்டிகை வாரம். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், சாட்சிக்கு நானும் கேட்க வேண்டும் என்று.

"நீங்க இந்த வருசம் காப்புக் கட்டிக்குங்க" என்றாள். "காப்புக் கட்டுனவங்க துக்கம் கேக்கக் கூடாதில்ல? கேக்கலன்னு யாரும் உங்கள குத்தம் சொல்ல மாட்டாங்க. அந்த ஹெலன் கூட."

லேபில் வேலை பார்க்கிறவள் என்று சும்மாவா சொன்னேன். நோய் எங்கே இருக்கிறது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பண்டிகையில் மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டால், அதை அவிழ்க்கிற வரைக்கும் துக்க வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. சொந்தத் தாய்மாமன் போனாலும் காப்புக் கட்டியவன் வரவில்லை என்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எங்கே எவர் வீட்டில் என்ன ஆகுமோ, கேட்கப் போக முடியாமல் போகுமோ என்று பயந்தே விசாரிப்பு அண்ணா பிறந்ததிலிருந்து காப்புக் கட்டியதில்லை. பெண்டாட்டி சொல்லிவிட்டாள். கட்டிக்கொண்டார். விரதம் என்பதால் அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக் குடித்தனமும் ரத்து.

காப்புக் கட்டியவர் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பெங்களூர் சென்டருக்குப் போய்விட்டு ரயில் தவறினால் சாமிக் குத்தம் ஆகிவிடும். நல்லவேளை, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுத வசதி இருந்தது. கேமராவில் ஓர் ஆள் கண்காணித்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, சுவரில் ஒன்றும் மாட்டியிருக்கக் கூடாது, சத்தம் கேட்கக் கூடாது என்று சட்டம். இண்டூரில், பண்டிகை நாளில், சத்தம் கேட்கக் கூடாதாம். நல்ல சட்டம்.

ஆனால் அதுவும் நடந்தது. ஒலிபெருக்கியை நிறுத்த முடியுமா என்று அவர் ஒரு வார்த்தைதான் கேட்டாராம். அந்தத் தெருவில் அவர் போய் உட்காராத துக்க வீடு கிடையாது. மாட்டேன் என்று சொல்ல ஒரு வீட்டுக்கும் வாய் வரவில்லை. பாட்டு நின்றது, பம்பைக்காரர்கள் வேப்பமரத்தடியில் போய்ப் படுத்தார்கள். எதிர்வீட்டு அம்மா ஒருத்தி தன் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அதன் மூக்கைப் பொத்தியபடி பரீட்சை முடிகிற வரைக்கும் நின்றிருக்கிறாள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். அம்மன் கோயிலில் பொங்கல் வைத்த பெண்கள் குலவை போடாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

உள்ளே நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். கேமராவுக்கு அந்தப் பக்கம் எந்தத் தேசமோ, ஒரு பெண் குரல். கையில் இருப்பதைக் கழற்று என்றாள். இவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இது சாமி, பண்டிகை முடியாமல் கழற்ற முடியாது என்றார். கயிற்றில் முடிந்திருந்த மஞ்சள் துண்டை அவள் உற்றுப் பார்த்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள். மஞ்சள் இருக்கிறது என்றார். அதற்குள் என்று கேட்டாள். அதற்குள்ளேயும் மஞ்சள்தான் என்றார். அவள் யாரையோ கூப்பிட்டுக் கலந்து பேசினாள். கையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டச் சொன்னாள். கடைசியில், சரி எழுது என்று விட்டுவிட்டாள். அவள் குரல் கம்மிப்போயிருந்ததாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்க இவருக்கு நாக்கு நமநமத்திருக்கிறது. கயிற்றைப் பார்த்துக்கொண்டு அடக்கிக்கொண்டார்.

பிறகு ஒவ்வொரு வாக்கியமாக வந்தது. யார் யாருக்கோ என்னென்னவோ ஆகியிருந்தது. காப்புங்க, மன்னிச்சுக்குங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தொட்டுத் தொட்டு மேலே போனார். பிழை எங்கே இருக்கிறது என்பது அவருக்கு எப்போதுமே தெரியும். தொடத்தான் மனசு வந்ததில்லை. நேரம் முடிவதற்கு முன்பே முடித்துவிட்டு வெளியே வந்து கையைத் தூக்கினார். சேவலை விட்டார்கள்.

பண்டிகை முடிந்து காப்பை அவிழ்த்த மறுநாள் டீக்கடைக்கு வந்தார். ஒட்டுமொத்தக் கடையும் காத்திருந்தது. புதிதாக யாருக்கு என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ள மாஸ்டர் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்கவில்லை. கேள்விகளை வெளியில் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதினேன், சொன்னால் தப்பு என்று விசாரிப்பு அண்ணா கையை விரித்துவிட்டார். பெருமூச்சு மட்டும் விட்டார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லோரையும் ஆள் ஆளாக நினைத்துக்கொள்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மாஸ்டருக்கு ரொம்ப நாள் வரைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.

நானும் அதே காலேஜுக்குத்தான் விண்ணப்பித்திருந்தேன். என் தேர்வு சுமாராகப் போயிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் பதில் வந்தது, இடம் இல்லை என்று. மாப்பிள்ளைக்குப் பயந்துதானே படித்தாய், போனால் போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டவர்களிடம் எல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள், விதி என்றார்கள், வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அம்மா சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு தரகருக்கு போன் போடப் போனாள்.

மறுநாள் மத்தியானம் விசாரிப்பு அண்ணா வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அம்மா வாங்க என்றாள். அவர் வணக்கம் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். அம்மா காபி கொண்டுவந்தாள். வேண்டாம் என்று கையால் காட்டினார். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், யாருடி செத்துட்டாங்க என்று கேட்டாள். நான் திரும்பி வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"எப்பிடிம்மா ஆச்சு?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்ல ஆரம்பித்தேன். மெயில் எப்போது வந்தது என்று கேட்டார். அப்போது நின்றுகொண்டிருந்தேனா உட்கார்ந்திருந்தேனா, பக்கத்தில் யார் இருந்தார்கள், ராத்திரி சாப்பிட்டேனா என்று கேட்டார். மெயில் வந்தபோது நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் யாருமே இல்லை என்று சொல்லும்போது சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. ஓவென்று அழுதேன். அந்த இடம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது என்று அதுவரைக்கும் எனக்கே தெரியாது. அவர் சமாதானம் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்தார். துக்க வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை.

ராத்திரி சுகந்தி போன் செய்தாள். என்ன செய்கிறேன், சாப்பிட்டேனா என்று தயங்கித் தயங்கிப் பேசினாள். இவளுக்கு என்ன ஆச்சு என்று யோசித்துக்கொண்டே, அண்ணாவுக்கு காலேஜிலிருந்து ஏதாவது தெரிந்ததா என்று நானே கேட்டேன். அவருக்கு இடம் கிடைத்துவிட்டது என்றாள். எனக்கு வந்த அதே சாயங்காலம் அவருக்கும் மெயில் வந்திருக்கிறது. என் எதிரில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த மனிதர் அதை மூச்சு விடவில்லை.

உடனே அவருக்கு போன் போட்டு, என்னண்ணா இது, சொல்லவே இல்லையே என்று கத்தினேன்.

"துக்கம் கேட்ட அன்னிக்கு நல்ல சேதி பேசக் கூடாதும்மா" என்றார். "நாளைக்குப் பேசலாம்."

அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. பால் எடுக்க அவர் எழுந்திருக்கிற நேரம் எனக்குத் தெரியும், அதற்கும் முன்னாலேயே எழுந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.